தவக்காலம் 2026 பிப்ரவரி 18ஆம் தேதி தொடங்குகிறது: மாமியாருக்குச் சர்க்கரை, வீட்டுக்காரருக்கு கேரட் வேலை. எப்படித் தயாராவது?

கேத்தி மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். நான் கோத்தகிரிப் பக்கம் சிஎஸ்ஐ (புராட்டஸ்டன்ட்) குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி வந்திருப்பது கேத்தி பாலாடாவில் ஒரு கத்தோலிக்க வீட்டுக்கு. போன ஜூன் மாதம்தான் கல்யாணம் நடந்தது, அதனால் ஈஸ்டருக்கு முந்தின இந்த நாற்பது நாள் தவக்காலம் இந்த வீட்டில் எனக்கு முதல் தடவை. அம்மா வீட்டில் லெந்து நாட்கள் (தவக்காலத்தை அங்கே அப்படித்தான் சொல்வோம்) என்றால் சாயங்காலம் ஒவ்வொரு வீடாக ஜெபக்கூட்டம் நடக்கும், வேதம் வாசிப்போம், உபவாசம் இருக்கிறவர்கள் மதியம் வரை இருப்பார்கள், முடியாதவர்களை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். இங்கே வந்து பார்த்தால் ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு), சுத்தபோசனம் (கறி விலக்குவது), சிலுவைப்பாதை (இயேசுவின் பாடுகளைப் பதினாலு நிலையாகத் தியானிப்பது) என்று ஒரு பெரிய ஏற்பாடே இருக்கிறது. எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

முதல் கவலை அத்தையைப் பற்றி. 64 வயது, பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. காலையில் மாத்திரை, ராத்திரி இன்சுலின். அவர்கள் சிலோன் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் திரும்பி வந்த குடும்பம். "எங்கப்பா நாற்பது நாளும் ஒருசந்தி இருந்துட்டுத்தான் மலை ஏறி வேலை பார்த்தாரு, நானும் இருப்பேன்" என்கிறார்கள். போன வருஷம் பெரிய வெள்ளியன்று கோவிலிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள் என்று கொழுந்தன் சொன்னான், அத்தை அதை ஒத்துக்கொள்ளவே இல்லை.

அடுத்து என் வீட்டுக்காரர். கேரட் வேலை. ராத்திரி இரண்டு மணிக்குக் காட்டுக்குப் போனால் பிடுங்கி, மெஷினில் கழுவி, மூட்டை பிடித்து, மேட்டுப்பாளையம் லாரியில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வரப் பதினொரு மணி ஆகும். இந்தப் பனியில் வெறும் வயிற்றோடு அந்த வேலை செய்ய முடியுமா? கொழுந்தனுக்கு 17 வயது, மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை, அவனும் நோன்பு இருக்கப் போகிறானாம் (எனக்கென்னவோ படிக்காமல் இருக்க அது ஒரு சாக்கு என்று தோன்றுகிறது).

ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கலாமா கூடாதா என்று வீட்டில் இரண்டு கட்சி. நான் சாம்பல் பூசிக்கொள்ளலாமா என்பதும் தெரியாது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

காந்தல்வாசி

தங்கச்சி, முதலில் பயத்தை விடு. திருச்சபைச் சட்டம் பார்த்தால் ரொம்பச் சின்னது, அதன்மேல் ஒவ்வொரு குடும்பமும் ஏற்றி வைத்திருப்பதுதான் பெரிசு.

ஒருசந்தி கட்டாயம் என்பது வருஷத்தில் இரண்டே நாள்தான். திருநீற்றுப் புதன், அதாவது பிப்ரவரி 18. அப்புறம் பெரிய வெள்ளி, ஏப்ரல் 3. அதுவும் 18 வயது முடிந்தவர்களுக்கு மட்டும், 59 முடிந்தால் கடமை போய்விடும். அந்த நாளில் ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை கொஞ்சமாக ஏதாவது, அந்த இரண்டையும் சேர்த்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டு அளவுக்கு வரக்கூடாது. தண்ணீருக்குத் தடை இல்லை, மருந்துக்கும் இல்லை. சுத்தபோசனம் என்பது அந்த இரண்டு நாளும், தவக்கால வெள்ளிக்கிழமைகளும், 14 வயதிலிருந்து. இறைச்சிதான் கூடாது. மீன், முட்டை, பால் எல்லாம் சட்டப்படி தடை இல்லை. அதற்காக வெள்ளிக்கிழமை வஞ்சிரம் வாங்கி வறுத்துத் தின்றுவிட்டுச் சுத்தபோசனம் என்று ஏப்பம் விடுகிற ஆட்களையும் நான் பார்த்திருக்கிறேன், அதை என்ன சொல்வது.

ஆக உன் அத்தைக்கு வயதுப்படியே ஒருசந்திக் கடமை இல்லை, நோயாளி என்பதால் இரண்டு மடங்காக இல்லை. ஆனால் அவர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அவர்கள் அப்பா காலத்தில் பொதுச் சட்டமே அப்படித்தான் இருந்தது, ஞாயிறு தவிர தவக்காலத்து எல்லா நாளும் ஒருசந்தி. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல்தான் அதை மாற்றினார். அதனால் "இப்போது யாரும் அப்படி இருப்பதில்லை அத்தை" என்று பேசாதே, கோபம் வரும். பங்குத் தந்தையை விட்டுச் சொல்ல வை. எங்கள் வீட்டுக் கிழவிகள் டாக்டர் சொன்னால் கேட்க மாட்டார்கள், சாமியார் சொன்னால் அடங்கிவிடுவார்கள்.

வீட்டுக்காரரைப் பற்றி: கடும் உழைப்பில் இருக்கிறவர்களுக்கு விலக்கு என்பது பழைய காலத்திலேயே உண்டு. முடிந்தால் அந்த இரண்டு நாளும் மூட்டை தூக்கும் வேலையை வேறு ஆளுக்கு மாற்றிக்கொள்ளச் சொல். இல்லையென்றால் பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் அந்த ஒரு முழுச் சாப்பாட்டைப் போடு. விடியற்காலை வேலைக்கு நடுவில் கஞ்சியும் ராத்திரிக்கு இரண்டு இட்லியும் என்றால் சட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

ஞாயிறு: 18ஆம் தேதியிலிருந்து ஏப்ரல் 4 வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிறு ஆறைக் கழித்தால்தான் நாற்பது. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அன்றைக்கு நோன்பு இல்லை. எனவே கறி எடுப்பது குற்றமில்லை. ஆனால் அத்தை 46 நாளும் வேண்டாம் என்று நேர்ந்திருந்தால் அவர்கள் முன்னால் குக்கர் விசில் அடிக்க விடாதே, அவ்வளவுதான்.

சாம்பல் யார் வேண்டுமானாலும் பூசிக்கொள்ளலாம், அது ஞானஸ்நானம், நற்கருணை மாதிரி அருளடையாளம் இல்லை. வரிசையில் நின்று தைரியமாக நெற்றியை நீட்டு. நற்கருணை வேறு விஷயம், அதற்கு உங்கள் பங்குத் தந்தையிடம் தனியாகப் பேச வேண்டும்.

குன்னூர் நர்ஸ்

அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் மாற்றிச் சொல்கிறேன். சாமியாரிடம் போவதற்கு முன்னால் டாக்டரிடம் போக வேண்டும், அதுவும் 18ஆம் தேதிக்கு ஒரு வாரம் முன்பே. "மருந்துக்குத் தடை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவது இந்த அம்மா விஷயத்தில் ஆபத்து. ஏனென்றால் சாப்பாடு இல்லாமல் மருந்து மட்டும் உள்ளே போனால்தான் மயக்கமே வரும்.

தங்கச்சி, அத்தையின் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். வெறும் மெட்ஃபார்மின் என்றால் சர்க்கரை தாழ்ந்து போகும் அபாயம் குறைவு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி ஏதாவது கலந்திருந்தால் அது வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது, இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். அதோடு ராத்திரி ஊசியும் போட்டுவிட்டு மறுநாள் மதியம் வரை வெறும் வயிறு என்றால் போன வருஷம் கோவிலில் நடந்ததுதான் நடக்கும். அளவை நீங்களாகவும் குறைக்கக் கூடாது, "நோன்பு நாள்தானே" என்று நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொல்லட்டும்.

நம்ம மலையில் இன்னொரு சிக்கல். சர்க்கரை தாழ்ந்தால் கை நடுங்கும், உடம்பு சில்லிடும். பிப்ரவரிக் குளிரில் எல்லோருக்கும்தான் நடுங்குகிறது, பனி அடித்துவிட்டது என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள், வீட்டிலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். அந்தக் குளிரிலும் வியர்க்கிறதா, பேச்சு குழறுகிறதா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறார்களா என்று பாருங்கள். உடனே விரலில் குத்திப் பார்க்க வேண்டும். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. சரியான பிறகு ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். பூசைக்குப் போகும்போது கைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும்.

அப்புறம் ராகிக் கஞ்சி. தவக்காலம் வந்தால் "சர்க்கரைக்கு நல்லது" என்று மூன்று வேளையும் அதையே காய்ச்சிக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நைசாக அரைத்த மாவைக் கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். அவரை, பட்டாணி, பச்சைப்பயறு என்று கையில் கிடைப்பதைச் சேர்த்துக் கெட்டியாகச் செய்யுங்கள்.

காந்தல்வாசி

சரிம்மா, ஒத்துக்கொள்கிறேன். டாக்டர் முதலில், சாமியார் அப்புறம்.

பந்தலூர் சேட்டன்

நாங்கள் சீரோ மலபார், கேரளத்துக் கத்தோலிக்கரில் தனி வழிபாட்டு முறை உள்ளவர்கள். எங்களுக்குப் புதன் கிடையாது, திங்கட்கிழமையே தொடங்கிவிடும், அதாவது 16ஆம் தேதி. அதற்கு முந்தின நாள் பேதுர்த்தா ஞாயிறு, வீட்டில் இருக்கிற இறைச்சியை எல்லாம் அன்றோடு முடித்துவிட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். ஈஸ்டர் எல்லோருக்கும் ஒரே நாள்தான், ஏப்ரல் 5. எங்கள் வீட்டில் அதுவரை கறி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை, ஞாயிறும் சேர்த்து. அதனால் காந்தல் அண்ணன் போடுகிற கணக்கு எங்கள் பக்கம் செல்லாது.

முன்னேற்பாடு என்று கேட்டதால் சொல்கிறேன். பெரியவர்கள் வைராக்கியத்தை உடைக்கப் பார்த்தால் நடக்காது, வேறு வேலையைக் கொடுக்க வேண்டும். எங்கள் அம்மச்சிக்கும் சர்க்கரைதான். நோன்பு அவரிடமிருந்து போய்விட்டது என்ற வருத்தம் இருந்தது. இப்போது வீட்டில் சமையல் அதிகாரம் முழுவதும் அவர் கையில். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை கொழுக்கட்டை, பெரிய வியாழன் ராத்திரிக்குப் பெசஹா அப்பமும் (புளிக்காத அப்பம்) தேங்காய்ப் பாலும், எல்லாம் அவர் சொல்படி. தேங்காய் எத்தனை, அரிசி எப்போது ஊற வேண்டும் என்று ஐம்பது நாளும் எங்களை விரட்டுவார். அவருக்கு நோன்பு இருக்கிற மாதிரியே இருக்கிறது, எங்களுக்கு இரண்டு நோன்பு இருக்கிற மாதிரி இருக்கிறது.

மஞ்சூர் தோட்டம்

ஒருவரும் டீயைப் பற்றிப் பேசவில்லையே! நீலகிரியில் பாதிப் பேர் "இந்த நாற்பது நாளும் டீயை விட்டுவிடுகிறேன்" என்றுதான் நேர்ந்துகொள்கிறார்கள். புதன்கிழமை திடீரென்று விடுவார்கள், அன்று சாயங்காலமே மண்டையைப் பிளக்கிற தலைவலி, வியாழக்கிழமை வீட்டில் எல்லோர் மேலேயும் எரிச்சல், வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் பதினாலு நிலையும் முழங்கால் போட்டுவிட்டு நேராக டீக்கடை. நேர்ச்சை மூன்றாம் நாளே காலி. பாவம் அவர்கள் மேல் இல்லை, ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ் குடிக்கிற உடம்பு ஒரே நாளில் எப்படி விடும்? விட நினைக்கிறவர்கள் இப்போதிருந்தே குறைத்துக்கொண்டு வாருங்கள். ஆறை நாலாக்கி, நாலை இரண்டாக்கி, இரண்டைச் சாயம் குறைந்த ஒன்றாக்கி. சாம்பல் பூசும் அன்றைக்கு விடும்போது தலைவலி அவ்வளவாக வராது.

வேலையைப் பற்றியும் ஒன்று. எங்களுக்குத் தோட்டத்தில் இந்தக் காலம் பனி, இலை வரத்துக் குறைவு, வேலையும் கூலியும் குறைவு. தொடக்கத்தில் நோன்பு பெரிய கஷ்டமாகத் தெரியாது. அந்தத் தைரியத்தில் எல்லாவற்றையும் நேர்ந்துவிடுவோம். மார்ச் கடைசியில் ஒரு மழை பெய்து கொழுந்து விட்டதென்றால் கூடை நிறைய நிறைய எடுக்க வேண்டியிருக்கும், அது சரியாகப் பரிசுத்த வாரம் வரும் நேரம். அதனால் பிப்ரவரி உடம்பை வைத்து ஏப்ரலுக்கு நேராதீர்கள். கேரட் வேலைக்கும் இதுதான். வீட்டுக்காரர் முதல் வாரமே வீரம் காட்டாமல் வெள்ளிக்கிழமைகளை மட்டும் ஒழுங்காக வைத்தாலே போதும்.

கொடை மாஸ்டர்

நான் கொடைக்கானலில் ஒரு ஓட்டல் சமையல்காரன். உங்களுக்கெல்லாம் வீட்டில் கறி வாசம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும், எனக்கு வெள்ளிக்கிழமை தோறும் பிரியாணி தம் போடுவதே வேலை. உப்பு சரியா என்று எப்படிப் பார்ப்பது? வாயில் வைத்துத் துப்பினால் தப்பா என்று மூஞ்சிக்கல்லில் ஒரு சாமியாரிடம் கேட்டேன், சிரித்துவிட்டு "உன் பிழைப்புக்காகத்தானே பார்க்கிறாய், தின்பதற்கு இல்லையே" என்றார். ஆனாலும் எனக்கு மனது ஒப்பவில்லை, பக்கத்து அடுப்பு பாயிடம் தள்ளிவிடுவேன். இந்த வருஷம் ரமலானும் அதே வாரம் தொடங்குகிறது, அவருக்கும் பகலில் நாக்கில் வைக்க முடியாது. ஆக ருசி பார்க்கிற பதவி மொத்தமும் பாத்திரம் கழுவுகிற தம்பிக்குப் போகிறது. அவன் நாக்கை நம்பித்தான் சீசன் தொடக்கமே.

ஓட்டல், லாட்ஜ், டாக்சி வேலையில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், லீவை இப்போதே எழுதிக் கொடுங்கள். பெரிய வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் சேர்ந்து வருவதால் கீழேயிருந்து கூட்டம் அப்படியே ஏறும், இ-பாஸ் வந்த பிறகும் அந்த மூன்று நாளில் ஏரிப் பக்கம் வண்டி நகராது. முந்தின வாரம் போய்க் கேட்டால் முதலாளி சிரிப்பார். மூன்று நாளும் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அதனால் வெள்ளி மதியம் மூன்று மணி வழிபாட்டுக்கு மட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, ஈஸ்டர் அன்று முழு நாளும் வேலை பார்க்கிறேன் என்று ஒத்துக்கொள்வேன். சிலுவைப்பாதையை வேலைக்கு முன்னால் காலையிலேயே சலேத் மாதா கோவிலில் தனியாகச் சொல்லிவிடுவேன். பனிமூட்டத்தில் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள், குரங்கு மட்டும் வரும்.

ஸ்டாஃப் சாப்பாட்டில் வெள்ளிக்கிழமை கோழிக் குழம்பு என்றால், ஊற்றுவதற்கு முன்னாலேயே சாம்பாரில் உங்களுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைக்கச் சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் போய் நின்றால் ரசம்தான் இருக்கும்.

காந்தல்வாசி

மாஸ்டர், அந்தத் தம்பிக்கு ஈஸ்டருக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுங்கள்.

இன்னொன்று சொல்ல விட்டுப்போச்சு தங்கச்சி. என்னைக் கேட்டால் சாப்பாட்டைக் குறைப்பது பாதிதான், மிச்சம் பிடித்த காசு எங்கே போகிறது என்பது மீதிப் பாதி. ஒருசந்தி இருந்து மிச்சம் பிடித்த காசில் ஈஸ்டருக்கு இரண்டு கிலோ கறி கூடுதலாக எடுத்தால் அது நோன்பு இல்லை, சேமிப்புத் திட்டம். நோன்பு என்பது பசித்தவனோடு உன் உணவைப் பகிர்வது என்று எசாயா 58ஆம் அதிகாரத்தில் சொல்லியிருப்பதைத் திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளிப் பூசையிலேயே வாசிப்பார்கள், நாம்தான் கேட்டுவிட்டு மறந்துவிடுவோம். அதனால் 18ஆம் தேதிக்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து காசு யாருக்கு என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். பொதுவாக "ஏழைகளுக்கு" என்று சொன்னால் உண்டியல் நிறையாது. பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காலேஜ் பீஸ், தனியாக இருக்கிற ஒரு பாட்டிக்கு மாத்திரை, இப்படி ஆள் தெரிந்தால்தான் போடக் கை வரும். யாரும் தெரியவில்லையென்றால் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையில் கேளுங்கள், அவர்களிடம் பட்டியல் இருக்கும்.

கேத்தி மருமகள்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இரண்டு நாளாக இதை எல்லாம் வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். நர்ஸ் அக்கா, மாத்திரை அட்டையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்துதான் இருக்கிறது. வியாழக்கிழமை டாக்டரிடம் கூட்டிப் போகிறோம். அண்ணே, சட்டம் மாறியது 1966இல்தான் என்று சொன்னதும் அத்தைக்கு ஒரே சந்தோஷம், "பாத்தியா, எங்கப்பா பொய் சொல்லலை" என்று மகனிடம் சண்டைக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் பேச்சுக்கு இறங்கி வந்தார்கள். மூன்று வேளையும் சாப்பிடுவார்களாம், ஆனால் 46 நாளும் வெற்றிலை பாக்கு கிடையாதாம். நாங்கள் யாரும் கேட்கவே இல்லை, அவர்களாகச் சொன்னது. பன்னிரண்டு வயதிலிருந்து போடுகிற வெற்றிலை.

கொழுந்தனுக்கு 18 ஆகவில்லை, ஒருசந்தி கிடையாது, போய்ப் படி என்று சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கறி இல்லை என்பது அவனுக்கும் உண்டு என்றதும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் இரண்டு நாள் ஒருசந்தியும் வெள்ளிக்கிழமைகளும் மட்டும் என்று ஒத்துக்கொண்டார். ஞாயிறு கறிக் காசு முழுவதும் லைன் வீட்டில் தனியாக இருக்கிற ஒரு ஆயாவுக்குக் கண் ஆபரேஷன் செலவுக்கு. எங்கள் அம்மா வீட்டு வழக்கத்தையும் நான் விடவில்லை, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபம், அன்பியத்து (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு) ஆட்களும் வருகிறேன் என்றிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. போன வருஷக் குருத்தோலை சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது, மழைக்காலத்தில் ஈரம் பிடித்துப் பாதி பூஞ்சை. அதைக் கோவிலில் கொடுக்கலாமா, தூக்கி எறிந்துவிடலாமா?

காந்தல்வாசி

எறியாதே. அதை எரித்துத்தான் சாம்பலே எடுப்பார்கள். பூஞ்சையைத் துணியால் துடைத்துவிட்டு அடுப்புக்கு மேலே இரண்டு நாள் தொங்கவிடு, நம்ம ஊரில் வெயிலை நம்பிக் காய வைத்தால் அடுத்த தவக்காலம் வந்துவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிற ஓலைதானே, நன்றாகக் காய்ந்தால்தான் எரியும், ஈரமாக இருந்தால் புகைந்து புகைந்து கோவில்பிள்ளை உன் பெயரைச் சொல்லித் திட்டுவார். 15ஆம் தேதி ஞாயிறு பூசைக்குப் போகும்போது கட்டி எடுத்துக்கொண்டு போ. பீடத்துக்குப் பக்கத்திலோ வாசலிலோ கூடை வைத்திருப்பார்கள். முதல் பூசைக்கே போய்விடு, எங்கள் பங்கில் இரண்டாம் பூசை முடிந்ததும் கூடையை உள்ளே எடுத்துவிடுவார்கள், உங்கள் பங்கிலும் அப்படித்தான் இருக்கும்.